பின்வரிசையிலிருந்து வந்த பதில்

உப்பளம் பகுதியில் உள்ள என் தையல்கடைக்குத் தன் கோட்டைச் சரிசெய்ய ஓர் அம்மா வந்தார். நரைத்த குட்டை முடி. கேள்வி கேட்டால், பதில் வரும்வரை நம் முகத்தையே பார்ப்பார். அணு உலைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகங்களை நாடு நாடாகப் போய்ச் சோதிக்கும் குழுவில் இருக்கிறாராம்.

“ஒரு நாட்டுல, அந்த அலுவலக அதிகாரிங்க எல்லாரையும் உக்கார வச்சு, ஆபத்துன்னா உலைய நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கான்னு கேட்டேன். மேலதிகாரி இருக்குன்னாரு. நான் பின்வரிசையையே பாத்தேன். ஒரு பொண்ணு எழுந்து, ‘இல்லை’ன்னுட்டா. அறிக்கையில அப்படியே எழுதிட்டோம்.”

“அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சாம்மா?”

“இல்ல, அந்த அதிகாரத்தைக் கொடுத்து சட்டத்தையே மாத்திட்டாங்க! போன மாசம் அவளே போய் ஒரு உலைய நிறுத்தியிருக்கா!”

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகக் கைதட்டியே விட்டாள். இப்படி ஒருவர் எங்கள் உப்பளத்திலிருந்து போய்வருகிறார் என்பது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.