நாலாம் வார்த்தை

நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் உரித்த பூண்டும் ஒன்றாகக் கொதிக்கும் வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு இப்போதும் கண் சொருகிவிடும். பசியால் அல்ல. அந்த வாசனைக்குள் எனக்கு ஒரு நீண்ட பங்குனி மதியம் இருக்கிறது. ஓட்டுக் கூரையின் கீழே மெதுவாகச் சுற்றும் விசிறிகளும், பாய்களில் உட்கார்ந்து சாமியாடுவதுபோல் தூங்கி விழும் சிறுவர்களும், பின்கட்டில் விறகடுப்பின் மேல் ஒரு பெரிய அண்டாவும் அதில் இருக்கின்றன. கோயில்களுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் எங்களுடையதையும் நாங்கள் "கோயில்" என்றுதான் சொல்வோம். கோபுரம் கிடையாது, தேர் கிடையாது, முப்பது குடும்பம்கூடத் தேறாத சபை. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியில் எங்களை அடித்துக்கொள்ள ஊரில் ஆளில்லை என்பது எங்கள் எண்ணம்.

அன்றைக்கு மணி அடிக்க மாட்டார்கள். வருஷமெல்லாம் ஊராரின் கல்யாணங்களுக்காக அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும் பட்டு நெய்கிற எங்கள் சபைப் பெண்கள், அன்று மட்டும் வெள்ளைப் புடவை கட்டி, முக்காடு போட்டுச் சத்தமில்லாமல் வந்து உட்காருவார்கள். உச்சி வேளையிலிருந்து மூன்று மணி வரைக்கும் "ஏழு வார்த்தை" நடக்கும். சிலுவையில் தொங்கும்போது இயேசு சொன்ன ஏழு வாசகங்களை, ஆளுக்கொன்றாக, சபையாரில் ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். நடுநடுவே கீர்த்தனை. பேசுகிறவர்கள் எவ்வளவு நேரம் இழுப்பார்கள் என்பது அவரவர் வரத்தைப் பொறுத்தது. எங்களுக்குக் கடிகாரம் தேவைப்படாது. முதல் வார்த்தைக்கு விறகுப் புகை வரும், மூன்றாவதற்கு வெந்தயம் மணக்கும். ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதற்குள் பூண்டு ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத எங்களைவிட அந்த வார்த்தையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் சபையில் யாரும் இருந்திருக்க முடியாது.

என் அப்பா ஆசீர்வாதம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். செங்கல்பட்டு வண்டி. "ஐயம்பேட்ட, வாலாஜாபாத்து… உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்ளோ எடம் இருக்குது பாரு" என்று அவர் கத்துவது எங்கள் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று அம்மா கேலி செய்வாள். அதே மனிதர் கோயிலுக்குள் வந்துவிட்டால் ஆமென் சொல்வதுகூடப் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம் என்று பிரிந்து உட்காரும் கோயில் எங்களுடையது. இடப்பக்கம் இரண்டாவது வரிசையில் அப்பா, அவர் மடியில் தம்பி சாமு. வலப்பக்கத்திலிருந்து நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சாமு அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான். பெண்பிள்ளையாகப் பிறந்த பாவத்துக்கு அந்த மடி எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்காமல் போனது பற்றி அப்போது எனக்குப் பெரிய வருத்தம் உண்டு.

ஆறு வயதில் சாமு செத்துப்போனான். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை அத்தை வீட்டில் விட்டிருந்ததால் அங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கும் குரல் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து சில நாளில் வீட்டில் சபையார் "ஆறுதல் கூட்டம்" வைத்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். சபையின் மூத்தவர் தேவசகாயம் ஐயா, தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுந்து நின்று, தோட்டக்காரர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்று உருக்கமாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். சுவரில் சாய்ந்திருந்த அப்பா, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்டார்: "ஏன், அவரு தோட்டத்துல பூவே இல்லியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பா எங்களைச் சைக்கிளில் கொண்டுவந்து கோயில் கேட்டில் இறக்கிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொள்வார். ஆராதனை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். உள்ளே வருவதில்லை. இடப்பக்கம் இரண்டாவது வரிசையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. அதில் யாரும் உட்காராதது மரியாதையினாலா, பயத்தினாலா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பத்து வயதில் எனக்கிருந்த ஒரே ஜெபம், அப்பா அந்த இடத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதுதான். சாமு திரும்பி வரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கேட்டுக்கு வெளியேதானே இருக்கிறார், அவர் வரலாமே என்று தோன்றும்.

ஒருநாள் பன் வாங்கப் போனபோது டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "உங்கப்பா டீ வாங்குவாரு மா, ஆனா குடிக்க மாட்டாரு. ஆறவுட்டுட்டு நீங்க உள்ள பாடுறதையே கேட்டுக்கினு நிப்பாரு. நானும் வேற டீ போட்டுத் தரேன்னுவேன், வேணாம்பாரு." அதை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போய்ப் படி போ" என்றாள்.

அடுத்து வந்த தவசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாளில், ஒரு சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த இளவயதுக்காரர், பாட்டு நன்றாக வரும், பிரசங்கம் சுமார். அப்பா அப்போது குழாயடியில் காக்கிச் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆசீர்வாதம், இந்த வருஷம் நாலாம் வார்த்தையை நீங்க பேசணும்."

அப்பா சோப்பைக் கீழே வைக்கவில்லை. "நான்தான் கோயிலுக்கே வர்றதில்லியே, ஐயா. என்னைப் போயி கேக்குறீங்க."

"ஏன் என்னைக் கைவிட்டீர்னு இயேசு பிதாவைக் கேக்குற வார்த்தை அது. போன வருஷம் நான்தான் பேசினேன். எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தா நான் ஒண்ணுமே சொல்லலைன்னு தெரிஞ்சுது."

அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

சிறிய சபையில் எதுவும் மறையாது. "மாசக்கணக்கா வாசலைத் தாண்டாதவன் பீடத்துக்கு முன்னால வந்து நிப்பானா? இன்னா நியாயம் இது?" என்று தேவசகாயம் ஐயா எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். தோட்டத்தையும் பூவையும் வைத்து அந்த ஒரு கேள்வியை அப்பா அன்றைக்கு அவரிடம் கேட்டிருக்கக் கூடாது என்று அம்மாவுக்கு வருத்தம். அப்பா வராமல் போனால், அதோடு அவரைச் சபை கைகழுவிவிடும் என்று பயம். வந்து, இன்னும் ஏதாவது கேட்டுவைத்தால் அதைவிட மோசம் என்றும் பயம். எந்தப் பக்கம் ஜெபிப்பதென்று தெரியாமல் அம்மா அந்த இரண்டு வாரமும் சமையலில் உப்பை மாற்றி மாற்றிப் போட்டாள்.

பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் அந்த வருஷம் ஒரே நாளில் வந்தன. ஏகாம்பரநாதருக்குக் கல்யாணம், நமக்குத் துக்கம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சனம் கூடும் நாளாதலால் பேருந்துகள் அதிகம். அப்பா லீவு கேட்கவில்லை. விடியற்காலையில் காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு, தோல்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு அம்மா வெள்ளைப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

முதல் மூன்று வார்த்தைகளும் எனக்குக் கனவில் கேட்டதுபோலத்தான் ஞாபகம். வெள்ளைப் புடவைகள், வெள்ளை வெயில், விசிறியின் கிறீச் சத்தம், எங்கிருந்தோ காற்றில் வந்து வந்து போன நாகஸ்வரம். தாயைச் சீடனிடம் ஒப்படைக்கிற மூன்றாம் வார்த்தை முடிந்து பாட்டும் முடிந்தது. போதகர் எழுந்து, "நாலாம் வார்த்தை, சகோதரர் ஆசீர்வாதம்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலித்தது. போதகர் அப்படியே நின்றார்.

பக்கவாசலில் சில்லறை குலுங்கும் சத்தம் கேட்டது. மௌனமான கோயிலில் அது அவ்வளவு பெரிதாகக் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, வியர்வையில் முதுகோடு ஒட்டிய காக்கிச் சட்டையோடு அப்பா உள்ளே வந்தார். சில்லறைச் சத்தம் அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கம் வந்து, பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். அது ஒரு குழந்தை அளவுக்குக் கனத்தது. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

அப்பா வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்குப் பேச வராது. நாலாம் வார்த்தை இன்னான்னு எல்லாருக்கும் தெரியும். ஏன் என்னை வுட்டுட்டேன்னு புள்ள அப்பாவைக் கேக்குது. அப்பா பதில் சொன்னதா புஸ்தகத்துல இல்ல. நான் தேடிப் பார்த்தேன்."

சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"என் புள்ளைய உள்ள படுக்க வெச்சிருந்தாங்க. எங்கள உள்ள வுடல. கண்ணாடிக் கதவு. வெளியேருந்து பார்த்தா உள்ள தெரியும். உள்ளேருந்து பார்த்தா வெளிய தெரியாது. 'அப்பா, எங்கப்பா போன'ன்னு கூப்டுக்கினே இருந்தான். நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். தண்ணி குடிக்கக்கூட நவுரல. எனக்கு அவன் தெரியுறான். அவனுக்கு நான் தெரியல. அப்பா வுட்டுட்டுப் பூட்டாருன்னு நெனச்சுக்கினேதான் அவன் போனான்."

புறங்கையால் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

"எனக்கு இன்னும் கோவம் தீரல. பொய் சொல்லக் கூடாது. ஆனா அன்னிக்கு அந்த அப்பாவும் எங்கனா கதவுக்கு வெளிய நின்னுக்கினு இருந்திருப்பாரு. அது மட்டும் எனக்குத் தெரியும். அவ்ளோதான்."

இதற்குப் பிறகு பாட்டு வந்திருக்க வேண்டும். போதகர் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாய்விட்டு அழுதாள். சாமு போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். இன்னும் சில பெண்கள் அழுதார்கள், யாரும் யாரையும் தேற்றவில்லை. மதில் தாண்டி ஏகாம்பரநாதர் கல்யாண மேளம் நிதானமாக உள்ளே வந்து, கஞ்சி வாசனையோடு கலந்து, எங்கள் மேல் பரவி நின்றது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. ஒரு சபை முழுக்க ஒன்றும் பேசாமல் ஒரே துக்கத்துக்குள் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன்பும் பிறகும் நான் பார்த்ததில்லை.

அப்பா பையை வாங்கிக்கொள்ள என்னிடம் வரப்பார்த்தார். தேவசகாயம் ஐயா கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி எத்தினி மணிக்கு?"

"ரெண்டே முக்காலுக்கு."

"நேரம் இருக்குதில்ல. குந்து."

அப்பா இடப்பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்.

ஆறாம் வார்த்தை நடக்கும்போதே அவர் எழுந்து போக வேண்டியிருந்தது. நான் பையைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் கொடுத்தேன். அங்கே அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் அவரை விடவில்லை. ஒரு சொம்பு நிறையக் கஞ்சியை ஆற்றி, தொட்டுக்கொள்ளத் துவையலோடு கையில் கொடுத்தார்கள். ஏழாம் வார்த்தை முடியும் முன் எங்கள் சபையில் கஞ்சி குடித்த ஒரே ஆள் என் அப்பாதான். தேவசகாயம் ஐயாகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஞாயிறுதோறும் வந்தார். ஆமென் மட்டும் முன்பைப் போலவே கேட்காமல்தான் சொல்வார்.

இப்போது அந்த ஓட்டுக் கூரை இல்லை. குளிர்சாதனம் வைத்த பெரிய கட்டடம், சுவரில் திரை, தூங்க விடாத ஒலிபெருக்கி. டீக்கடை இருந்த இடத்தில் பட்டுப் புடவைக் கடையின் கார்கள் நிற்கின்றன. ஏழு வார்த்தைக்கு வெளியூரிலிருந்து நன்றாகப் பேசுகிறவர்களை அழைத்து வருகிறார்கள். ஒருவர் முடிப்பதற்குள் கீபோர்டு ஆரம்பித்துவிடுகிறது, மௌனத்துக்கு எங்கும் இடம் விடுவதில்லை. கஞ்சி மூடிபோட்ட டப்பாவில் வருகிறது. குறை சொல்லவில்லை, என் பிள்ளைகள் அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். தேவசகாயம் ஐயா போய்விட்டார், அம்மா போய்விட்டாள். சாமுவை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேராகக் குறைந்து, போன வருஷம் அப்பாவும் தூக்கத்திலேயே போன பிறகு, நான் ஒருத்தியாகிவிட்டேன்.

சாவதற்குச் சில மாதம் முன்பு அவரிடம் கேட்டேன், அந்தக் கோபம் தீர்ந்ததா என்று. "இல்லமா. நேர்ல போயி கேக்கணும்" என்றார், ஏதோ வாலாஜாபாத் போய் வருவதுபோல.

இந்நேரம் கேட்டிருப்பார். என்ன பதில் கிடைத்தது என்பது எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. கேட்கப் போவதற்கு முன் அப்பா முதலில் சாமுவைத் தேடிக் கண்டுபிடித்திருப்பார். கதவுக்கு வெளியேதான்டா நின்றேன் என்று அவனிடம் சொல்லியிருப்பார்.