செவ்வாயைப் பன்னிரண்டு டிகிரி தள்ளி வைத்தவன்

விண்வெளி வீடியோ விளையாட்டில் கிரகங்களை அதனதன் தொடக்க இடத்தில் நிறுத்துவதுதான் என் வேலை என்றபோது, பெண் பார்க்கப் போன வீட்டில் என்னை ஜாதகம் எழுதுபவன் என்றே நினைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்குத் தெரியும். நம் வேலையைச் செய்வதைவிட அதைப் பிறருக்கு விளக்குவதுதான் கஷ்டம்.

விழுந்த நிலா

திருப்பதியில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் கொண்ட கம்பெனி. வேலை அமெரிக்காவிலிருந்து வரும். ஆட்டம் தொடங்கும் நாளில் எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று நான் எழுத வேண்டும். தேவகி எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சத்தியவேடு பக்கத்துப் பெண். சேர்ந்த வாரமே என் ஃபைலை ஓட்டிப் பார்த்தாள். ஆட்டக் கணக்கில் ஐந்தாம் நாள், நிலா பூமிமேல் விழுந்தது. எல்லாரும் வந்து என் திரையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "எடம் சரியாத்தான் வெச்சிகிறீங்கண்ணா, ஓடறதுக்கு வேகந்தான் குடுக்கல."

வராத செவ்வாய்

அன்றிலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூர், அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் இருவரில் ஒருவரை ஆறு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பப் போவதாக முதலாளி சொன்னார். நான் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்திருந்தேன். அவரோ எதற்கெடுத்தாலும் தேவகியைக் கூப்பிட்டார்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய ஃபைலைத் திறந்து, செவ்வாயைப் பன்னிரண்டு டிகிரி தள்ளி வைத்தேன். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சேமித்தேன். அவள் அதை அப்படியே அனுப்பிவிட்டாள். மறுநாள் அமெரிக்காக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது: "ராக்கெட் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, செவ்வாய்தான் வரவில்லை."

தப்பு யாருடையது

தேவகி என்மேல் சந்தேகப்படவில்லை. தப்பைத் தேட என்னையே துணைக்குக் கூப்பிட்டாள். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததையே தேடினேன். அவள் சாப்பிடாமல் தேடுவதைப் பார்க்க முடியாமல், அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் செவ்வாயைக் காட்டினேன். தன்னைக் காப்பாற்றியது இந்த அண்ணன்தான் என்று என்னைக் காட்டி எல்லாரிடமும் சொன்னாள். முதலாளியிடமோ, கடைசியாக ஒருமுறை சரிபார்க்காதது தன் தப்பு என்றாள்.

அமெரிக்காவுக்கு அவளைத்தான் அனுப்புவது என்று முடிவானது. பொறுக்காமல் போய் ஏன் என்று கேட்டேன். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "தப்பு என்னுதுன்னு ஒத்துக்கினவள நம்பி அனுப்பலாம், கண்டுபிடிக்கிற ஆளு இங்க வேணும்ப்பா."

காணிப்பாக்கம் பிரசாதம்

அவள் கிளம்புவதற்கு முன் அவளுடைய நைனா ஆபீசுக்கு வந்தார். வெகுகாலம் கூலி வேலை செய்தவர். பொய்ச் சத்தியம் செய்ய எல்லாரும் பயப்படுகிற காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். என்னைத் தேடிப் பிடித்து, பிரசாதத்தைக் கையில் வைத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாயிலிருந்து, உங்கள் மகள் நல்லபடியாகப் போய்வரட்டும் என்றுதான் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டார்: "நீங்க இல்லன்னா எம் பொண்ணு கெட்ட பேரு வாங்கிக்கினு ஊட்டுக்கு வந்திருக்கும் சார்."

எத்தனையோ கிரகங்களை நிறுத்தி எல்லாவற்றிலும் திட்டு வாங்கிய என் தொழில் வாழ்க்கையில், என்மேல் ஒரு குறைகூட வராத ஒரே வேலை அந்தப் பன்னிரண்டு டிகிரிதான்.