சனியாக நிற்க ஆளில்லை

அரியலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். சூரியக் குடும்பத்தைப் படத்தில் காட்டி அலுத்துப்போய், ஒரு நாள் பிள்ளைகளையே கோள்களாக்கி மைதானத்தில் சுற்றவிட்டேன். பூமிக்கு அடிதடி. சனிக்கு மட்டும் ஆளில்லை. "சனியா நின்னா எங்கம்மா அடிக்கும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. கெஞ்சிப் பார்த்துவிட்டு, பீடை என்னோடு போகட்டும் என்று நானே சனியானேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உள்ளே சுற்றுகிற பிள்ளைகளைப் பார்த்தபடியே நடந்ததில், முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களை மறந்துபோனேன்.

கடைசிக் கோளான நெப்டியூன், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு சின்னப் பெண். "நீதான் ரொம்பத் தூரம். ஒரு சுத்துக்கு நூத்தி அறுபத்தஞ்சு வருசம். மெதுவாப் போ, நடுவுல நிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பள்ளிக்குப் பின்பக்கம் சுற்றுச்சுவர் கிடையாது. முந்திரி மரங்களைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுப் போட்ட பழைய பள்ளம். அடி தெரியாத தண்ணீர்.

சங்கு ஊதியது. பக்கத்துச் சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறார்கள். சங்கு கேட்டால் எல்லோரும் வகுப்புக்குள் வந்துவிடுவது எங்கள் வழக்கம். உட்காரவைத்து எண்ணினேன். புதனிலிருந்து யுரேனஸ் வரை இருந்தார்கள். நெப்டியூன் இல்லை.

மற்றவர்களைத் தலைமையாசிரியரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஒவ்வொரு வெடிக்கும் அந்தப் பள்ளத்தின் கரை கொஞ்சம் சரியும். அது எனக்குத் தெரியும்.

அவள் கரை ஓரத்திலேயே அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். கூப்பிடப் பயம், திடுக்கிட்டுத் திரும்பினால் கால் தவறிவிடும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கையைப் பிடித்து மரங்களுக்குள் இழுத்த பிறகுதான் வெடித்தது. தரை அதிர்ந்தது. கரையிலிருந்து மண் கட்டி கட்டியாகத் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

"நான் நிக்கவே இல்ல டீச்சர்" என்றாள் அவள்.

மாலையில் அவளை அழைத்துப்போக அம்மா வந்திருந்தாள். "இன்னிக்கி புள்ளைங்கள கிரகமா சுத்த வுட்டீங்களாமே டீச்சர்?" என்று கேட்டாள். பள்ளத்து விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எம்பொண்ண சனியா நிக்க வைக்காம நீங்களே நின்னீங்களாம். நல்லா இருக்கணுங்க நீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நானும் கும்பிட்டேன். பள்ளத்தைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. பயம்தான்.