கோயில் வாசலில் ஓர் எலுமிச்சம்பழம்

சங்கரன்கோவிலில் யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாத கார் என்னுடையதுதான். பிரான்ஸ் தேசத்துப் பழைய வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம்; மனைவி மக்களோடு சேர்ந்து போக வழியில்லை. வாசுதேவநல்லூர் நண்பரிடம் நான்கு பேர் உட்காரும் இத்தாலி வண்டி இருந்தது. அதுவும் யாரும் கேள்விப்படாத பெயர்தான். “மாத்திக்கிடுவோமா அண்ணாச்சி?” என்று அவரே அதை ஓட்டி வந்து நிறுத்தினார்.

“கை மாத்துறதுக்கு முன்னாடியே கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திப் பாத்துருங்க” என்றாள் மனைவி. பழம் வைப்பது வண்டி சொந்தமான பிறகுதானே என்று சிரித்தேன். ஆனாலும் நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் போனேன்.

பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. பிரேக்கை எவ்வளவோ மிதித்தும், எதிரே நின்ற வைக்கோல் வண்டிக்குள் மூக்கை நுழைத்த பிறகுதான் நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“பிரேக்கு இல்லையா வே?” என்று கத்தினேன்.

தலையெல்லாம் வைக்கோலோடு நண்பர் சொன்னார்: “இருக்குன்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. எங்க ஊர் மண் ரோட்டுல அது தானா நின்னுரும்லா!”

இப்போதும் யாராவது வண்டி மாற்றக் கூப்பிட்டால் பழத்தோடுதான் போகிறேன். ஏற்றுவதற்கு அல்ல, பழத்துக்கு முன்னால் வண்டி நிற்கிறதா என்று பார்க்க. இதுவரை ஒரு பழம்கூட முழுதாக வீடு திரும்பவில்லை. நானும் என் பழைய வண்டியும் சௌக்கியம்.