பதினெட்டுப் பாகை

ஐஸ் உருகிப்போன தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டு உறைந்த போத்தலை இறக்குவதற்கு முன், தங்கேஸ்வரி அக்கா தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்ப்பார். நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. அதன் நடுவே மூடி இறுக்கிய பெரிய வெள்ளை வாளி. வாளியைச் சுற்றிக் கணவர் உடுத்திப் பழசான பருத்திச் சாரம். அதன் நுனி தண்ணீருக்குள் தொங்கி ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி. வாளியின் வயிற்றில், மீன்தொட்டிக்கு ஒட்டுகிற வெப்பமானிப் பட்டி ஒன்று. அறைக் காற்று அதை ஏமாற்றிவிடாதபடி மேலே மடித்த துணி. துணியை விலக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டப் போய்ப் பார்ப்பார்.

"பதினெட்டு," என்பார். "பத்தொன்பதிலை நிண்டாலும் பரவாயில்லை. இருபதைத் தாண்டினால் அதுகளுக்குக் காய்ச்சல் வந்திடும், தங்கச்சி."

அதுகள் என்பது ஈஸ்ற், புளிக்கவைக்கிற நுண்ணுயிர்கள். வாளிக்குள் இருப்பது பியர்.

அக்கா திருகோணமலைக்காரி. நோர்வேயில், இந்த ஹவுகன்ஸ்டுவாவில் எனக்கு நேர் மேல்வீடு. முதியோர் இல்லமொன்றின் சலவையறையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது. பியரை ஒருநாளாவது வாயில் வைத்துப் பார்த்தவரல்லர். ஆனாலும் இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்திடம் அவரைப் பற்றிக் கேட்டால், "ஆர், அந்தக் கசிப்புக் காய்ச்சிற மனிசியோ?" என்றுதான் பதில் வரும். கோயிலில் சிலர் தள்ளி உட்காருவதும் உண்டு. அவரும் விடுகிறவரல்லர். "காய்ச்சி வடிக்கிறதுதான் இஞ்சை குற்றம். இது புளிக்க வைக்கிறது. இந்த நாட்டுச் சட்டத்திலை புளிக்க வைக்கலாம்," என்று எவருக்கும் முகத்துக்கு நேரே சொல்வார். அதோடு அந்த உரையாடல் முடிந்துவிடும். பேச்சு மட்டும் வேறிடத்தில் தொடரும்.

கணவர் சிவானந்தன் பஸ் சாரதியாக இருந்தவர். இங்குள்ள பஸ்களில் காலையில் ஒரு குழாயில் ஊதிக் காட்டினால்தான் என்ஜின் உயிர்பெறும். முந்திய இரவின் வொட்கா மூச்சில் மிச்சமிருந்ததால் ஒருநாள் அது உயிர்பெறவில்லை. இன்னொரு நாளும் பெறவில்லை. அதன் பிறகு அவர் பஸ்ஸில் பயணி மட்டும்தான். வேலை போன வெட்கத்தில் ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார். நிறுத்திய மூன்றாம் நாள் குசினியில் வலிப்பு வந்து விழுந்தார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் பயம் அக்காவை விட்டு இன்றுவரை போகவில்லை. திரும்பி வந்தவர் மறுபடி வொட்காவைத் தொட்டபோது, "ஒரேயடியா விட்டாலும் ஆள் போயிடும், விடாட்டிலும் போயிடும்" என்று அக்கா என் வீட்டுக் கதிரையில் இருந்து அழுதார்.

வழி காட்டியவர் ஆன்ட்ரியாஸ், முதியோர் இல்லத்தின் சமையற்காரர், நோர்வேஜியர். வீட்டில் பியர் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வீரியம் கூட்டியும் போடலாம், குறைத்தும் போடலாம் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டார். வொட்காவிலிருந்து மனிதரை பியருக்கு இறக்குவது. பிறகு ஒவ்வொரு வாளிக்கும் மோல்ற்றை, அந்த முளைகட்டிய பார்லியை, ஒரு பிடி குறைத்துக்கொண்டே போவது. ஒருநாள் அவருக்கே தெரியாமல் அவரைத் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்துவது. இதுதான் திட்டம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

இந்தத் திட்டத்துக்கு ஒரு எதிரி உண்டு. அது சூடு. ஈஸ்ற் வேலை செய்யத் தொடங்கினால் தானே சூட்டைக் கிளப்பும்; அறையைவிட வாளிக்குள் மூன்று நான்கு பாகை கூடவே இருக்கும். சூடேறினால் வாழைப்பழ மணம் வரும். இன்னும் ஏறினால் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம். வீரியமான பியர் என்றால் அந்தக் கோளாறைக் கொஞ்சம் மூடிமறைக்கும். அக்கா போடுகிற மெலிந்த பியரில் மறைப்பதற்கு எதுவுமில்லை. ஆகவே வாளி இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அவருடைய வீடே நடக்கும். குளியலறையின் தரைக்கு அடியில் சூட்டுக்கம்பி ஓடுகிறது, அங்கே வைக்க முடியாது. வரவேற்பறையில் வைத்தால் வருகிறவர்கள் கேட்பார்கள். மிஞ்சியது கண்ணாடி அடைத்த பல்கனி. தை, மாசியில் அங்கே விட்டால் ஈஸ்ற் உறங்கி அடியில் படுத்துவிடும். அப்போது வாளிக்குப் போர்வை. கோடையில் ஈரச்சாரமும் உறைந்த போத்தல்களும். பிறீசரில் மீனுக்கு இடமில்லை, எல்லாம் போத்தல்தான். வேலைக்குப் போகுமுன் ஒரு மாற்று, வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒரு மாற்று.

ஒரேயொரு தடவை தவறியது. போன வருடம் தேர்த் திருவிழா. நல்ல வெயில். காலையில் கோயிலுக்குப் போன அக்கா அன்னதானப் பந்தியில் நின்று, கதைத்து, பின்னேரமாகத்தான் திரும்பினார். போத்தல்கள் உருகி, சாரம் காய்ந்து, பட்டி இருபத்தேழில் நின்றது. ஊற்றிவிட மனம் வராமல் அதையும் போத்தலில் அடைத்தார். சிவானந்தன் அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசை வைத்தார். "என்ன இது, பெயின்ற் மாதிரி மணக்குது," என்றார். சத்தம் போடவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்து மரவாங்கில், வெறும் வொட்காப் போத்தலோடு குந்தியிருந்தவரைக் கண்டு நானும் அக்காவும்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தோம். அன்றிலிருந்து அக்கா தேருக்கும் போவதில்லை, கலியாண வீட்டுக்கும் போவதில்லை. "எனக்கு ரெண்டு டிகிரிதான் இடைவெளி, தங்கச்சி. அங்காலை அந்தக் கடை நிக்குது," என்றார். அரசாங்க மதுக்கடையைத்தான் சொன்னார்.

அந்த ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகவே நடந்தது. வொட்கா நின்றது. அண்ணை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. கடைச் சாமான் தோத்துப்போகும்," என்பார். வாளி முடிய முன்னரே, "அடுத்ததை எப்ப போடுறாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சமையலைப் புகழ்ந்தால் கூட அந்த மலர்ச்சி வராது. ஒரு வாளிக்கு இரண்டு வாளி போட்டார். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

இந்த ஆனி மாதம் அண்ணையின் கண் மஞ்சளித்தது. வயிறு ஊதியது. ஆஸ்பத்திரிக்கு அக்கா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். ஸ்கான் எடுத்து முடித்த டொக்டர், இளம் பெண், நாற்காலியை இழுத்து எங்கள் முன்னால் இருந்துகொண்டு, ஈரல் பெரும்பகுதி வடுவாகிவிட்டது என்றார். இனி ஒரு துளியும் கூடாது. மருந்தோடு ஆஸ்பத்திரியிலேயே வைத்து நிறுத்துவோம், வலிப்பு வராது என்றார். அக்கா தன் சலவையறை நோர்வேஜிய மொழியில், வொட்கா நின்றுவிட்டதென்றும், தான் போடுவது மிகவும் மெலிந்த பியர் என்றும், பதினெட்டுப் பாகைக்கு மேலே தான் விடுவதேயில்லை என்றும் சொன்னார். டொக்டருக்கு அந்தப் பதினெட்டு விளங்கவில்லை. அவர் அண்ணையின் பக்கம் திரும்பி, ஒருநாளைக்கு எத்தனை போத்தல் என்று கேட்டார்.

அண்ணை முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எட்டு. சிலவேளை பத்து," என்றார். அக்காவுக்குத் தெரிந்தது, தான் வேலையால் வந்த பிறகு கண்முன்னே குடிக்கிற மூன்றுதான்; பகலில் குறைகிற போத்தலை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

மெலிந்ததை நிறையக் குடித்தாலும் ஈரலுக்கு ஒன்றுதான் என்று டொக்டர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அண்ணைமேல் பொல்லாத கோபம் வந்தது. கட்டிலில் மஞ்சள் கண்ணோடு கிடக்கிறவரிடம் கோபப்பட்டு என்ன காணப்போகிறோம்!

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா யன்னலோரம் இருந்தார். குறோறுட் நிலையம் தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடி, "நான் குறைச்சுக் குறைச்சுக் குடுத்தன். அவர் கூட்டிக் கூட்டிக் குடிச்சிருக்கிறார்," என்றார். பிறகு, "மணமில்லாமல், குணமா, ஆறவச்சு ஆறவச்சு நானே குடுத்திருக்கிறன். பழுதாப் போட்டிருந்தால் இவ்வளவு குடிச்சிருக்க மாட்டார்," என்றார். நான் இல்லையென்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய்யோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டில் ஒரு வாளி வேலை செய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் போட்டது. அண்ணை அங்கே இருக்க, அக்கா இங்கே போத்தல் மாற்றினார். காலையில் மாற்றினார், வேலையால் வந்து மாற்றினார். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "ஆருக்காக அக்கா இன்னும் மாத்திறியள்?" என்று கேட்டே விட்டேன். "நடுவிலை விடேலாது. பாவம், அதுகள் வேலை செய்யுதுகள்," என்றார். பிறகு பட்டியைப் பார்த்தார். அது பதினெட்டுதான்.

அண்ணை வருவதற்கு முதல் ஊற்றிவிட வேண்டும் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் "நாளைக்கு" என்றார் அக்கா. ஆஸ்பத்திரி அண்ணையை எதிர்பார்த்ததற்கு முன்னரே அனுப்பிவிட்டது. ஆள் பாதியாகி வந்தார். அவர் அறையில் படுத்திருக்க, அக்கா என்னைக் கீழே வந்து கூப்பிட்டார். வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சத்தமில்லாமல் குளியலறைக்குள் கொண்டுபோய், மூடியைத் திறந்து தண்ணீர் போகிற வாய்க்குச் சரித்தோம். சூடான தரையில் பட்டதும் மணம் எழும்பியது. நல்ல மணம். வாழைப்பழமுமில்லை, பெயின்ற்றுமில்லை. அவர் போட்டதிலேயே நல்ல வாளி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கதவு திறந்தது. அண்ணை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறைவரைக்கும் மணம் போயிருக்கிறது. பொன் நிறத்தில் நுரையோடு ஓடுவதை அவர் குனிந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு, தங்கேஸ்," என்றார். போகவில்லை.

அக்கா போகச் சொல்லவுமில்லை. வாளியை என் கையில் விட்டுவிட்டு எழுந்தார். பியரில் நனைந்த வலது கையை உடுப்பில் துடைத்தார். அதை முகர்ந்து பார்த்தார். திரும்பவும் துடைத்தார், முன்னையிலும் அழுத்தி. பிறகு அந்தக் கையால், மணம் உள்ளே போகாதபடி, அண்ணையின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி, வாளி வெறுமையாகும்வரை எடுக்காமல் நின்றார்.