மஞ்சள் ரேடியோவை அணைக்காதீங்க

இலங்கை மலைநாட்டு மாத்தளையில் பிறந்தவனுக்குக் கடல் எதற்கு என்று அம்மா கேட்டாள். ஊரில் பிழைப்பில்லை, பயம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது; சரக்குக் கப்பலில் ஏறிவிட்டேன். அந்தக் கப்பலும் ஒருநாள் தண்ணீர் புகுந்து சாய்ந்தது. எல்லாரும் இறங்குங்கள் என்று கப்டன் கத்தினார்.

அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை ஒன்றுதான். மேல்தளத்தில் மாட்டியிருந்த மஞ்சள் நிற அபாய ரேடியோவைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். நாங்கள் இருக்கும் இடத்தை அது வானத்துக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அதன் கயிற்றைக் கப்பலில் கட்டினால் கப்பலோடு அதுவும் முழுகிவிடும். நாங்கள் இறங்கிய ரப்பர் தெப்பத்தில் கட்டி மிதக்கவிட்டேன். உச்சியில் விளக்கு மின்னியது. அப்பாடா என்று கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது விளக்கு மின்னவில்லை. ரேடியோ நானாவின் மடியில் கிடந்தது. அவர் எங்களூர் முஸ்லிம், கப்பலில் சமையல்காரர்.

"நான்தான் அணைச்சேன் தம்பி. பெட்டரி முடிஞ்சிருமே. ப்ளேன் சத்தம் கேட்டா போடுவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைக் குறை சொல்வது? எங்கள் ஊர் வீடுகளில் செய்தி முடிந்த கையோடு ரேடியோவை மூடிவிடுவார்கள். தீர்ந்த பெட்டரியைக்கூட வெயிலில் காயவைத்து ஓட்டுவார்கள்.

"நானா, இது நாம கேக்குற ரேடியோ இல்லீங்க. அவங்க நம்மளக் கேக்குற ரேடியோ. அணைச்சா, செத்துட்டாங்கன்னு தேடி வர்றவங்க திரும்பிப் போயிருவாங்க!"

பிடுங்கி மறுபடி போட்டு மிதக்கவிட்டேன். வேறொரு கப்பல் வந்து எங்களைத் தூக்கும்வரை அந்தக் கயிற்றை நானா கையிலிருந்து விடவில்லை.

ஊர் திரும்பியும் எனக்கு அசதி தீரவில்லை. ஒரு மாலை நானா பார்க்க வந்தார். மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று லைட்டை அணைத்தாள். நானா எட்டி, பாடிக்கொண்டிருந்த வீட்டு ரேடியோவை மூடினார். ஜீப்பில் வந்தவர்கள் யார் யாரையோ பிடித்து ஏற்றிக்கொண்டு போன காலம் அது. இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு வெறுத்துப்போனது. நடுக்கடலில் எங்களைக் கண்டுபிடியுங்கள் என்று கெஞ்சியவன், சொந்த வீட்டில் கண்டுபிடித்துவிடாதீர்கள் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜீப் வாசலைக் கடந்து போனது.

"லைட்டப் போடவாங்க?" என்றாள் மனைவி.

"வேணாம்" என்றேன். நானாவும் ரேடியோவைத் தொடவில்லை.