திண்டிவனத்தில் ஒரு பாக்தாத் கூண்டு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, பட்டாளத்திலிருந்து நான் திண்டிவனம் திரும்பிய மறு வருஷம் நடந்தது இது. வைகாசி மாதம். சர்க்கரைக்கும் அரிசிக்கும் ரேஷன் இருந்த காலம். விழுப்புரத்திலிருந்து என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை, நாலு வருஷப் பட்டாளத்தில்கூடப் பட்டதில்லை.

முதலில் பாக்தாத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான். கையெழுத்து நன்றாக இருந்ததால் ராணுவ ஸ்டோரில் குமாஸ்தாவாகப் போட்டு, கப்பலில் பஸ்ராவுக்கும் அங்கிருந்து ரயிலில் பாக்தாத்துக்கும் அனுப்பினார்கள். அந்த ரயில் நம் விழுப்புரம் வண்டி மாதிரியே மீட்டர் கேஜ். ஏறி உட்கார்ந்ததும் பாதி பயம் போய்விட்டது. இறங்கியதும் அது முழுசாகத் திரும்பி வந்தது.

பழைய பாக்தாத்தில் தெரு என்பதே கிடையாது, சந்துதான். இரண்டு பக்கமும் செங்கல் சுவர். கீழே ஒரு ஜன்னல் இருக்காது. ஆணி அடித்த கதவு மட்டும் இருக்கும், எல்லாக் கதவும் ஒரே மாதிரி. மாடியிலோ மரத்தால் செய்த பெட்டி போன்ற ஜன்னல்கள் சந்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கை நீட்டினால் உப்புக் கடன் வாங்கலாம், அவ்வளவு நெருக்கம். வாசலில் நுழைந்தாலும் நேரே வீடு தெரியாது. ஒரு சுவர் மறிக்கும், திரும்பித்தான் போகவேண்டும். நம் ஊரில் வாசலில் நின்றால் தோட்டத்தில் கட்டியிருக்கும் மாடு வரை தெரியும். அங்கே வீட்டுக்குள் ஒரு கல்யாணமே நடந்தாலும் வாசலில் போகிறவனுக்குத் தெரியாது.

டீக்கடைகளில் கட்டில் போன்ற உயரமான பெஞ்சுகள். இடுப்பு ஒடுங்கிய குட்டிக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ, அடியில் கால்வாசிச் சர்க்கரை. கோடையில் ராத்திரி ஊரே மொட்டைமாடியில் படுக்கும். பகலில் ஊரே நிலவறைக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் புகைபோக்கி மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்து, ‘இந்த வெயிலில் இவ்வளவு அடுப்பா?’ என்று நான் நினைத்திருக்கிறேன்.

ஒரு ஆடி மாதத்து உச்சிவெயிலில், லீவு நாளில், கடைவீதியைப் பார்க்கக் கிளம்பி அந்தச் சந்துகளில் வழி தப்பிவிட்டேன். எந்தப் பக்கம் போனாலும் அதே சுவர், அதே ஆணி, அதே கதவு. ஒரு மரஜன்னலுக்குள்ளிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. முகம் தெரியவில்லை. ஜன்னலே என்னைப் பார்த்துச் சிரிப்பது போல் இருந்தது. அதே ஜன்னலின் கீழே மூன்றாவது தடவை நான் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களுக்கும் பாவமாக இருந்திருக்கும். தண்ணீர் பாட்டில் காலி. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வாசற்படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து வயது ஆள், சர்க்கார் உடுப்போடு, ‘அம்மா, அம்மா’ என்று அழுதேன்.

பின்னால் கதவு திறந்தது. தொப்பை பெருத்த ஒரு வயசான மனிதர். என்னைப் பார்த்தார். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, படியிறங்கி நிலவறைக்கு அழைத்துப்போனார். சுவரில் ஒரு பொந்து. அதற்கு முன்னால் என்னை உட்காரவைத்தார். பொந்திலிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. கூரையில் நான் புகைபோக்கி என்று நினைத்தது காற்றைப் பிடித்துக் கீழே அனுப்புகிற கூண்டு என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு சொம்பு மோர் கொடுத்தார். உப்புப் போட்ட மோர், சாட்சாத் நம் வீட்டு மோர். வெயில் தாழ்ந்ததும், சின்னப் பிள்ளையைப் போல என் கையைப் பிடித்துக்கொண்டு கடைவீதி வழியாக நடத்தி, மெயின் ரோட்டில் விட்டுவிட்டுப் போனார். டீக்கடைக்காரர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள்.

இதுதான் நடந்தது. ஊருக்கு வந்து நான் சொன்னது வேறு.

என் கதையில் அந்தத் தொப்பைக்காரர் பாக்தாத்திலேயே பெரிய வியாபாரி ஆகிவிட்டார். என் புத்திசாலித்தனத்தைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பி என்னை விருந்துக்கு அழைத்தார். முழு ஆடு வெட்டினார். சொல்லச் சொல்ல ஆடு இரண்டாகி, பிறகு ஒட்டகமாகிவிட்டது. உண்மையை என் மனைவியிடம் மட்டும் ஒரு நாள் உளறியிருந்தேன்.

சும்மா பேசினால் போதாது என்று, வீட்டுக் கூரையிலும் ஒரு காற்றுக் கூண்டு கட்டத் துணிந்தேன். மேலே ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு, அதிலிருந்து சுவரோடு ஒரு குழல், கூடத்தில் உட்காருகிறவர் தலைக்கு நேரே ஒரு பொந்து. கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாய எந்தப் பக்கமா வெக்கட்டும்ங்க?” என்றார்.

“வடமேற்கே பாத்து.”

“நம்மூருக்குக் காத்து கெழக்கால, கடல் பக்கமிருந்துல்ல வருது?”

“பாக்தாத்துல எப்டி வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். சொன்னதச் செய்யுங்க.”

“செய்றேங்க. காத்துக்கு யாராச்சும் சொல்லிவெச்சா சரி” என்று கரண்டியை எடுத்துக்கொண்டார்.

காற்றுக்கு யாரும் சொல்லவில்லை. கடல்காற்று கூண்டின் முதுகில் மோதிவிட்டுப் போய்விட்டது. ஆடியில் மேல்காற்று வந்தது. கூடவே புழுதியும், மேற்கே இருந்த ரைஸ் மில்லின் உமியும் வந்தன. ஒரு காக்கா ஏதோ எலும்பைப் போட்டது, அது நேரே என் இலையில் விழுந்தது. ஐப்பசி மழையில் கூடத்தில் அண்டா வைத்தோம். தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘பாக்தாத் கூண்டு வீடு’ என்றே பேர் ஆகிவிட்டது. எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. அந்தக் காலத்துக்கு அது அதிகம். அப்பா இல்லாத வீடு. நான் யுத்தத்திலிருந்து வரட்டும் என்றே நாலு வருஷம் அவளைக் காக்கவைத்துவிட்டோம். அதற்குள் வந்த இரண்டு இடம் கைவிட்டுப் போயின. இந்த விழுப்புரத்துப் பையன் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் முந்தின வண்டியைப் பிடித்துப் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, மூன்றே பேர். என் மனைவியும் தங்கையும் அப்போது மாடியில் காயப்போட்ட மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மாடிப்படி கூடத்துக்குள்தான் இறங்கும். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார். கல்யாணப் பெண் கிழிசல் புடவையும் புழுதித் தலையுமாக எப்படி இறங்கி வருவாள்? அம்மா கொல்லைப்புறம் போய்ப் பட்டுப்புடவையை மூட்டையாகச் சுருட்டி மாடிக்கு வீசினாள். அது முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. அம்மா துரட்டியைத் தேட ஓடினாள்.

நேரத்தை ஓட்டவேண்டியது என் பொறுப்பு. விருந்தாளிகளைக் கௌரவமாகப் பொந்துக்கு நேர் கீழே உட்காரவைத்தேன். பையன் கூச்சத்தோடு தரையைப் பார்த்தான். அவன் அம்மா முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கடுகடுவென்று இருந்தார். வேகவைத்த மல்லாட்டையை நீட்டினால் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பையனின் அப்பாதான் மரியாதைக்கு மேலே பார்த்து, “இன்னா தம்பி இது, பொந்து?” என்று கேட்டார்.

இது போதாதா எனக்கு? கப்பல் ஏறினேன். பாக்தாத் வியாபாரி ஆள் அனுப்பினார். ஒட்டகம் வெட்டினார். “என்னைப் பக்கத்துல உக்காரவெச்சி, இதே மாதிரி பொந்துக்குக் கீழே...” என்று நான் கையை உயர்த்தியபோது, பொந்து பேசியது.

“இன்னுமா அண்ணி பேசிக்கினு இருக்கு அண்ணன்?”

தங்கையின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவு. காலை வெயிலுக்கு ஒதுங்கி, இரண்டு பேரும் கூண்டின் மேற்கு நிழலில், சரியாக அதன் வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்! காற்றை ஒரு நாளும் கொண்டுவராத குழல் பேச்சைக் கொண்டுவரும் என்று எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

“பட்டுப்பொடவ வந்து சேர்ற வரிக்கும் ஒட்டகத்த வெட்டிக்கினு இருப்பாரு” என்றாள் என் மனைவி.

நான் இருமினேன். பலமாக இருமினேன். குரலை உயர்த்தி, “அந்த ஊருல பேரீச்சம்பழம் பாருங்க...” என்று கத்தினேன்.

“ஒட்டகமும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று பொந்து தொடர்ந்தது. “வழி தெரியாம, வெயில் தாங்காம, யாரோ வீட்டு வாசப்படில உக்காந்து ‘அம்மா அம்மா’ன்னு அழுதுகினு இருந்தாராம். பாவம், ஒரு கெழவரு உள்ளாற இட்டுகினு போயி மோர் குடுத்தாராம்.”

நான் எழுந்து, சாவகாசமாகச் சாய்வதுபோல, தலையாலும் தோளாலும் பொந்தை அடைத்துக்கொண்டு நின்றேன். பையனின் அப்பா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: “கொஞ்சம் நவுந்துக்கோங்க தம்பி. நல்லா காத்து வருது.”

என்ன செய்வது? நகர்ந்தேன்.

“மாப்ளயப் பாத்தீங்களா அண்ணி?”

“கைப்புடிச் சுவரு மேல எட்டிப் பாத்தேன். தலைல எண்ணெ வழியுது. எஞ்சினுக்குப் போடறத எடுத்துப் போட்டுக்கினாரோ இன்னாவோ.”

பையன் மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான்.

“எண்ணெ வழிஞ்சா வழியட்டும், தொடச்சா போச்சு. அந்த அம்மாதான் அண்ணி பேஜாரா கீது. தெருவுல வரச்சே பாத்தேன், ஒரு சிரிப்பு இல்ல. எனக்கு பயமா கீது.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாடிப்படிக்கு ஓடிப்போய் அவர்கள் வாயை மூடவேண்டும், ஆனால் விருந்தாளிகளைத் தாண்டித்தான் படிக்குப் போகவேண்டும். நாலு வருஷம் காக்கவைத்த பெண்ணின் வாழ்க்கையை, நான் ஜம்பத்துக்குக் கட்டிய செங்கல் குழல் கெடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் தங்கை குரலைத் தாழ்த்தினாள். குழலுக்கு அது ஒரு தடையாகவே இல்லை.

“ஆனா அண்ணன இனிமே கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. அழுதத சொல்லிக்க வெக்கமா இருக்கும்ல? யாரும் இல்லாத ஊருல அது அழுதுச்சுன்னு நெனச்சா எனக்குத் தாங்கல. எம் மேல இருக்கற கவலைல நாலு நாளா ஒழுங்கா சாப்புடல. இந்த எடமாவது அமையட்டும். எனக்காக இல்லன்னாலும் அதுக்காக.”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பையனின் அம்மா. நேரே பொந்துக்குக் கீழே வந்து நின்றார். கன்னத்திலிருந்து முந்தானையை எடுத்தார். ஒரு பக்கம் ஆப்பம் மாதிரி வீங்கியிருந்தது. அண்ணாந்து பொந்துக்குள் சொன்னார்:

“எம்மா பொண்ணு! பட்டுப்பொடவயும் வாணாம், ஒண்ணும் வாணாம். இருக்கறதோட ஜல்தியா எறங்கி வா. எனக்குப் பல்லு வலிம்மா, அதான் சிரிக்கல.”

மேலே முறம் விழுந்த சத்தம். அதைத் தொடர்ந்து மல்லாட்டை ஒவ்வொரு படியாகத் துள்ளிக் கூடம் வரை உருண்டு வந்தது. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அப்பாவும் சேர்ந்துகொண்டார். அந்த அம்மா பல்வலியோடு சிரிக்க முயன்று, “ஐயோ, வலிக்குதே” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, முருங்கைப் பூ ஒட்டிய பட்டுப்புடவையோடு அம்மா உள்ளே ஓடிவந்து, எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

தங்கை இறங்கி வந்தாள். தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி. நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கொஞ்சம் பொறுத்து ஓரக்கண்ணால் மாப்பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள். அது துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காப்பி வந்தது. சர்க்கரை இல்லாததால் வெல்லம் போட்ட காப்பி. பையனின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “தம்பி, அந்தக் கெழவரு கதய இப்ப நடந்தபடியே சொல்லுங்க” என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

சொன்னேன். சந்து, சிரித்த ஜன்னல், வாசற்படி, மோர், எல்லாம். அந்தக் கிழவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, அடுத்த லீவில் தேடிப் போனபோது அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் சொன்னேன். இதை மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. ஒட்டகம் வெட்டியபோதெல்லாம் கொட்டாவி விட்ட எங்கள் வீட்டார்கூட இதற்குக் காப்பியை ஆறவிட்டுக் கேட்டார்கள். “அவரு நல்லா இருக்கணும்” என்றார் அந்த அம்மா, வீங்கிய கன்னத்தோடு.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே அதே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூண்டின் வாயைக் கிழக்கே திருப்பச் சொன்னேன். அவர் வேலை முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் சபையில் பேச்சு என் பக்கம் திரும்பும்போது, நான் ஜெயித்ததைச் சொல்லத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் நான் தோற்று நின்றதையும், யாரோ ஒருவர் கை கொடுத்ததையும் சொல்லும்போதுதான் கேட்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வருகிறார்கள்.